முதல் துண்டு உங்கள் மேசையில் இருந்தது

வாத்தியாரே, நீங்கள் எழுதியது பொய்.

வெள்ளைக்காரன் ஆண்ட அவசரகாலத்தில் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள் கதைப்புத்தகத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை, வாசிக்கும் ஆசையே அவர்களிடம் இருந்ததில்லை, அதை உங்களைப் போன்றவர்கள்தான் ஊட்ட வேண்டியிருந்தது என்று ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் சிறுவர் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். அதற்குக் கீழே, பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஏற்ற புதிய நாவல்கள் என்று சிலவற்றைச் சிபாரிசு செய்திருந்தீர்கள். பக்கத்திலேயே உங்கள் படம். தலை நரைத்துவிட்டது. கண்ணாடி மாறியிருக்கிறது. ஆனால் அந்த வாயை எனக்குத் தெரியும்.

பத்திரிகைக்குப் பதில் எழுதிப் போட்டேன். இடமில்லை என்றார்கள். நானே எழுதுகிற இந்தப் புத்தகத்தில் இடம் என்னுடையது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் சிபாரிசைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் குருண் டவுனில் ஒரு ஃபாக்டரி கேன்டீனில் சமைக்கிறவள். என் மகளுக்குப் பதினோரு வயது. நீங்கள் சொன்ன நாவல்களில் கிடைத்தவற்றையெல்லாம் வாங்கி அவளிடம் கொடுத்தேன், நானும் படித்தேன். ஒன்றில் ஒரு பையன் பொய் சொல்கிறான். அடுத்த பக்கத்தில் அவனுக்குக் காய்ச்சல் வருகிறது. இன்னொன்றில் ஒரு சிறுமி தெருவில் கிடந்த பையை எடுத்துப் பெரியவர்களிடம் கொடுக்கிறாள். மேடையில் ஏற்றி மாலை போடுகிறார்கள். மற்றொன்றில் எல்லாரும் சீக்கிரம் எழுந்து பல் விளக்குகிறார்கள். அதுதான் கதை.

"அம்மா, இந்தப் பையன் வீட்டுலே யாருக்குமே கோவம் வராதா?" என்று என் மகள் கேட்டாள்.

"படி. கடைசியிலே வரும்."

"கடைசியைப் பாத்துட்டேன். வரலே."

சொல்லிவிட்டு அந்தப் புத்தகத்தின்மேல் சூடான சட்டியை இறக்கி வைத்தாள். நான் திட்டவில்லை.

நீங்கள் சொல்லாத ஒரு நாவலும் கடையில் கிடைத்தது. புதிதாக வந்தது. அப்பாவின் தொலைந்துபோன சைக்கிளைத் தேடி ஒரு சிறுமி யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் பாலிங் வரை போகிறாள். வழியெல்லாம் பொய் சொல்கிறாள். காய்ச்சல் வரவில்லை. சைக்கிள் யாரிடம் இருக்கிறது என்று தெரிந்ததும் அவள் செய்வதைப் படித்துவிட்டு நான் அடுப்பை அணைக்க மறந்தேன். என் மகள் அதைக் குளியலறைக்குள் கொண்டுபோய்ப் படித்தாள். அந்த நாவலின் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அது பிள்ளைகளுக்கு ஆகாது என்று இன்னொரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எழுதுவீர்கள். வேண்டும் என்கிற தாய்மார்கள் கேன்டீனுக்கு வந்து கேட்கட்டும், சொல்கிறேன்.

பிள்ளைக்கு ஏற்ற புத்தகம் எது என்று இவளுக்கு எப்படித் தெரியும் என்பீர்கள். உங்கள் பள்ளிக்கூடத்தில் தெரிந்துகொண்டதில்லை. தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில் தெரிந்துகொண்டது.

எங்கள் தோட்டம் குருணுக்கும் மலைக்காட்டுக்கும் நடுவில் இருந்தது. அவசரகாலம் வந்ததும் லயங்களை எல்லாம் முள்கம்பிக்குள் அடைத்தார்கள். வெளியே போக ஒரே ஒரு கேட். பொழுது சாய்ந்தால் ஊரடங்கு, வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. காட்டிலிருந்த கம்யூனிஸ்ட்டுகளுக்குப் போய்ச் சேரும் என்று, ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போகிறவர்கள் ஒரு கைப்பிடி சோறுகூட வெளியே கொண்டுபோகக் கூடாது என்று சட்டம். விடிந்ததும் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் பேர் கொடுத்து, கேட்டில் சோதனை முடித்து, கத்தியோடும் வாளியோடும் மட்டும் போக வேண்டும். எங்கள் அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டார். அம்மாவும் அக்காவும் பால்வெட்டினார்கள். அக்காவுக்கு அப்போது பதினேழு வயதிருக்கும். நான் உங்களிடம் நாலாம் வகுப்பு.

சம்பளம் போட்டதும் வருகிற ஞாயிறு, தோட்டத்து லாரி பெர்மிட்டோடு குருண் டவுனுக்குப் போகும். அங்கே ஒரு தமிழ் முஸ்லிமின் மளிகைக்கடை. நாங்கள் காக்கா கடை என்போம். காக்கா பினாங்குக்குப் போய்ச் சாமான் எடுக்கும்போது, மதராஸிலிருந்து கப்பலில் வந்த சிறுவர் நாவல்களையும் எடுத்துவந்து, வெங்காய மூட்டைக்கு மேலே கயிற்றில் தொங்கவிடுவார். காலிப் போத்தல்கள் கொண்டுபோனால் எங்களுக்கு அதற்குப் பதில் புத்தகம் தருவார். ஒன்றையும் அவர் படித்ததில்லை.

"எது நல்லாருக்கும் காக்கா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"வெங்காயத்திலே எது நல்லதுன்னு கேளு புள்ளே, சொல்றேன். புஸ்தகத்தைப் படிச்சவன்தான் சொல்லணும்."

நாங்கள் அப்படியே செய்தோம். ஆனால் புத்தகம் ஒன்று, லயம் நிறையப் பிள்ளைகள். ஒருத்தி முடிக்கும்வரை மற்றவர்கள் காத்திருக்க முடியாது. அதனால் அம்மாவின் ஊசியை எடுத்துத் தையலை நெம்பி, புத்தகத்தை மூன்று துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியாக நூலால் கட்டினேன். பிரித்தது நான்தான். தப்பு என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். முதல் துண்டில் அட்டை, கதையின் பெயர், அச்சகத்தின் பெயர் எல்லாம் இருக்கும். மற்ற இரண்டிலும் வெறும் கதை.

லயத்து வீடுகளுக்கு நடுவிலிருந்த பலகைத் தடுப்பு கூரை வரை போகாது. மேலே ஒரு கை நுழைகிற அளவுக்கு இடைவெளி உண்டு. ஊரடங்கில் வாசலைத் தாண்டக் கூடாது என்றுதான் சட்டம், தடுப்புக்கு மேலே கையை நீட்டக் கூடாது என்று இல்லை. பெட்டிமேல் ஏறி நின்று துண்டை அடுத்த வீட்டுக்குக் கொடுப்போம். அங்கிருந்து அதற்கடுத்த வீடு. கொடுக்கிறவள் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும், கதையை மட்டும் சொல்லக் கூடாது. இது எங்கள் ரூல்.

"எப்படிடி இருக்கு?" தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும்.

"கஞ்சி ஆறிப்போச்சு லா. குடிக்கவே மறந்துட்டேன்."

"அப்ப தா, தா."

நன்றாக இல்லாததற்கும் ஆள் உண்டு.

"இது எப்படி?"

"ராஜா பேசிக்கிட்டே இருக்கான். எனக்குத் தூக்கம் வந்துருச்சு."

"எங்க தம்பி தூங்க மாட்டேங்குறான். கொடு, அவனுக்கு ஆவும்."

வாத்தியாரே, சிபாரிசு என்றால் இதுதான். பொய்யாக நல்லாருக்கு என்று சொன்னவளுக்கு அடுத்த துண்டு கிடையாது. நாங்கள் ஒருத்தரையொருத்தர் ஏமாற்றவில்லை. பாட்டியும் அம்மாவும்கூடத் தடுப்பு ஓரமாக உட்கார்ந்து காது கொடுத்தார்கள். வாசிக்கும் ஆசை இல்லாத பிள்ளைகள் என்று எழுதினீர்களே, அது இந்தப் பிள்ளைகளைத்தான்.

அந்த வருஷம் வந்தது ஒரு சர்க்கஸ் கதை. முதலாளியின் அடி தாங்காமல் சர்க்கஸை விட்டு ஓடிவந்த ஒரு பையனை மூன்று பிள்ளைகள் ஊருக்கு வெளியே காட்டில் ஒரு பாழும் மண்டபத்தில் ஒளித்துவைக்கிறார்கள். முதல் துண்டு அவன் கூடாரத்திலிருந்து ஓடுவதோடு முடியும். அதை நான் வகுப்பில் பாடப்புத்தகத்துக்குள் வைத்து இரண்டாம் தடவை படித்துக்கொண்டிருந்தபோது நீங்கள் பிடுங்கினீர்கள்.

"பால்வாளி தூக்கப்போற கைக்கு நாவல் கேக்குதா?"

மேசை இழுப்பறையில் போட்டு மூடினீர்கள். வாத்தியார் என்றால் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். ஆனால் இடைவேளையில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நீங்கள் அதைப் படித்துக்கொண்டிருந்தீர்கள். பக்கத்தில் தேத்தண்ணி ஆடை படர்ந்து கிடந்தது. மறுநாள் கணக்குப் பார்க்கிற சாக்கில் என்னை மேசைக்குக் கூப்பிட்டு, மெதுவாகக் கேட்டீர்கள்.

"அந்த சர்க்கஸ் பையன் என்ன ஆனான்?"

"சொல்லக் கூடாது சார். எங்க லயத்து ரூல்."

"பெரிய ரூலு."

"ரெண்டாம் துண்டு எங்க அக்காகிட்டே இருக்கு. அது படிச்சதும் கொண்டாறேன். ஆனா முதல் துண்டு எப்படி இருந்துச்சுன்னு நீங்க சொல்லணும் சார்."

"சொல்லலேன்னா?"

"கிடைக்காது சார்."

சிரித்துவிட்டீர்கள். "நல்லாத்தான் எழுதியிருக்கான்" என்றீர்கள். அன்றைக்கு உங்களை எனக்குப் பிடித்திருந்தது.

அக்கா இரண்டாம் துண்டைச் சீக்கிரம் தரவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. மரத்தை வெட்டிவிட்டால், கோப்பையில் பால் சொட்டி நிறையும்வரை காத்திருக்க வேண்டும். முன்பெல்லாம் அந்த நேரத்தில் கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிடுவார்கள். சோற்றுக்குத் தடை வந்த பிறகு வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தார்கள். அக்கா அந்த நேரத்தில் கூட இருந்த பெண்களுக்குக் கதை வாசித்துக் காட்டினாள். தினம் கொஞ்சம். அதற்காகத் துண்டை மடித்து, வெற்றிலைப் பையோடு இடுப்பில் செருகிக்கொண்டு போவாள். சோறு கொண்டுபோகத்தான் தடை, கதை கொண்டுபோகத் தடையில்லை என்று நினைத்தோம். அட்டை இல்லாத, பேர் இல்லாத, அச்சகம் எது என்று போடாத காகிதக்கட்டு அந்த நாளில் போலீஸ் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று எங்கள் லயத்தில் யாருக்கும் தோன்றவில்லை. எங்களுக்கு அது இரண்டாம் துண்டு. அவர்களுக்கு அது காட்டிலிருந்து வந்த நோட்டீஸ்.

வழக்கமாகச் சோதனை போடுகிற பெண் வெற்றிலைப் பையைத் தட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிடுவாள். அன்றைக்கு வந்தவள் புதியவள். துண்டை உருவி எடுத்து மலாய்க்காரக் காவலரிடம் கொடுத்தாள். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தோட்ட ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியைக் கூப்பிட்டார். கிராணிக்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடம் கேட்டுக்குப் பக்கத்தில்தான். கிராணி உங்களுக்கு ஆள் அனுப்பினார். நீங்கள் வந்தீர்கள். பின்னாலேயே பிள்ளைகளும் வந்தோம். அக்கா உங்களைப் பார்த்ததும் சிரித்தாள். வாத்தியார் வந்துவிட்டார், முடிந்தது என்று நினைத்திருப்பாள்.

"என்ன வாத்தியாரே இது? நோட்டீஸா?" என்று கிராணி கேட்டார்.

முதல் பக்கத்தைப் படித்தீர்கள். அந்த இடத்தில் மூன்று பிள்ளைகளும் சோற்றை வாழையிலையில் கட்டிக்கொண்டு, ஆள் பார்க்காத வழியாகக் காட்டுக்குள் போகிறார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். நீங்கள் பக்கத்தைத் திருப்பினீர்கள். திருப்பச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அடுத்த பக்கத்தையும் படித்தீர்கள். உங்கள் கண் வரி வரியாக ஓடியதை நான் பார்த்தேன். சர்க்கஸ் பையன் என்ன ஆனான் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் தலையைத் தூக்கினீர்கள்.

"காட்டுலே ஒளிஞ்சிருக்கிற ஒருத்தனுக்குச் சோறு கொண்டுபோறதைப் பத்தி எழுதியிருக்கு" என்றீர்கள்.

ஒவ்வொரு சொல்லும் உண்மை. கதை என்கிற ஒரு சொல்லைத்தான் விட்டுவிட்டீர்கள்.

"அது கதைப்புத்தகம் சார்," என்றாள் அக்கா. "சின்னப் புள்ளைங்க படிக்கிறது."

"அப்படின்னா அட்டை எங்கே? பேரு எங்கே?" என்று கிராணி கேட்டார்.

நான் கத்தினேன். "அட்டை சார் மேசையிலே இருக்கு. முதல் துண்டு அங்கேதான் இருக்கு."

எல்லாரும் உங்களைப் பார்த்தார்கள். பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம். ஒரு பிள்ளையை அனுப்பினாலும் போதும்.

"புள்ளைங்க எல்லாம் வகுப்புக்குப் போங்க" என்றீர்கள்.

அக்காவை ஜீப்பில் ஏற்றினார்கள். நீங்கள் அன்று எங்களுக்கு வாய்ப்பாடு எடுத்தீர்கள். இழுப்பறையை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதில் புதிதாகப் பூட்டுப் போட்டிருந்தது.

அம்மா பெர்மிட் வாங்கிக்கொண்டு டவுனுக்குப் போனாள். வேறு யாரையும் தெரியாததால் காக்காவிடம் போனாள். அங்கே நடந்ததை அம்மா பிறகு பலமுறை சொல்லியிருக்கிறாள்.

"எந்தப் புஸ்தகம்?" என்று காக்கா கேட்டிருக்கிறார்.

"சர்க்கஸ் பையன் புஸ்தகமாம் காக்கா."

"அதா? ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு. அதை எங்க வீட்டுப் பொண்ணு எடுத்து வச்சுக்கிட்டு, கூப்பிட்டாலும் வர மாட்டேங்குது. இரு, பிடுங்கிக்கிட்டு வாறேன்."

கடையைச் சாத்திவிட்டு அம்மாவோடு ஸ்டேஷனுக்குப் போனார். அந்த நாளில் கடைக்காரர்கள்மேல்தான் போலீஸுக்கு முதல் சந்தேகம். காட்டுக்கு அரிசி போவது கடையிலிருந்துதான் என்பார்கள். லைசென்ஸ் போனால் அவர் குடும்பம் தெருவில் நின்றிருக்கும். அவர் போனார். முழுப் புத்தகத்தையும் மேசையில் விரித்து, அக்காவிடம் பிடித்த துண்டைப் பக்கத்தில் வைத்து, பக்கம் பக்கமாக ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். நடுவில் ஒரு படம். யானைக்குப் பின்னால் சர்க்கஸ் பையன் ஒளிந்திருக்கிறான். இரண்டிலும் அதே யானை.

"துவான், கம்யூனிஸ்ட்டுக்கு எதுக்கு யானைப் படம்?" என்று மலாயில் கேட்டாராம். அங்கிருந்தவர்கள் சிரித்துவிட்டார்களாம்.

சில நாளில் அக்காவை விட்டுவிட்டார்கள். போலீஸ் விட்டது. தோட்டம் விடவில்லை. வாத்தியாரே சொல்லியிருக்கிறார், ஆகையால் இந்தப் பெண்ணுக்கு வேலை இல்லை என்று துரை சொன்னதாகக் கிராணி வந்து சொன்னார். அம்மா அக்காவை விட்டுவிட்டு வேலைக்குப் போக மறுத்தாள். வேலை இல்லாதவர்களுக்கு லயத்தில் வீடு இல்லை. நாங்கள் கிளம்பிய அன்று தடுப்புக்கு மேலே ஒரு கை நீண்டது. மூன்றாம் துண்டு.

"எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"நான் அழுதுட்டேன்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

இரண்டாம் துண்டு போலீஸிடம். முதல் துண்டு உங்களிடம். மூன்றாவது என் அலமாரியில் இன்றைக்கும் இருக்கிறது.

பயந்திருப்பீர்கள். எனக்கு அது தெரியாமல் இல்லை. அட்டையை எடுத்துக் காட்டியிருந்தால், அது உன் மேசைக்கு எப்படி வந்தது, நீயும் இதைப் படிக்கிறாயா என்று கேட்டிருப்பார்கள். அந்த நாளில் பயப்படாதவர் யார்? காக்காவும் பயந்தார். வழியெல்லாம் லைசென்ஸைப் பற்றியே அவர் பேசிக்கொண்டு வந்ததாக அம்மா சொன்னாள். ஆனாலும் போனார். கேட்டில் நடந்த அந்த ஒரு காலை நேரத்துக்காக மட்டும் என்றால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

அவசரகாலம் முடிந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இப்போது உங்களைப் பிடிக்க எந்த ஜீப்பும் வராது. போன வருஷம் ஜித்ராவில் ஒரு கல்யாணம். அக்கா அங்கேதான் குடியிருக்கிறாள். பந்தியில் பழைய தோட்டத்து அம்மாள் ஒருத்தி அவளை உற்றுப் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"நீதானேடி காட்டுக்குச் சோறு கொண்டுபோயி மாட்டிக்கிட்டவ?"

அக்கா "நானில்லே" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவள். இலையில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தாள். அவளுடைய மருமகள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். குற்றமில்லை என்று போலீஸ் விட்டது யாருக்கும் நினைவில்லை, வாத்தியார் கேட்டில் சொன்னதுதான் நினைவிருக்கிறது. படித்தவர் சொன்னால் பொய்யாக இருக்குமா என்று எங்கள் ஆட்கள் இன்னமும் நம்புகிறார்கள்.

அப்படியிருக்க நீங்கள், தோட்டத்துப் பிள்ளைகள் கதைப்புத்தகத்தைக் கண்டதில்லை என்று எழுதுகிறீர்கள். நாங்கள் புத்தகமே படிக்கவில்லை என்றால், அக்கா இடுப்பில் இருந்தது என்ன? அப்படியானால் அது நோட்டீஸ்தான். நீங்கள் ஒரு வரியில் எங்களுக்கு வாசிப்பே இல்லை என்று சொன்னபோது, இரண்டாம் தடவையாக அவளைக் கேட்டில் நிறுத்தினீர்கள்.

அக்கா படிப்பதை விடவில்லை. அதையும் தெரிந்துகொள்ளுங்கள். சைக்கிள் நாவலை என் மகள் அவளுக்குத்தான் கொடுத்தனுப்பினாள். எப்படி இருக்கிறது என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

நான் கேட்பது இதுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அதே பத்திரிகையில், அதே சிறுவர் பக்கத்தில், உங்கள் படத்தையும் போட்டு எழுதுங்கள். அது பிள்ளைகளின் கதை என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அட்டை உங்கள் மேசையில் இருந்ததா, இல்லையா? பக்கத்தை எதற்காகத் திருப்பினீர்கள்? இவற்றுக்குப் பதில் எழுதிவிட்டு, அதற்குக் கீழே எந்த நாவலை வேண்டுமானாலும் சிபாரிசு செய்யுங்கள், படித்துப் பார்க்கிறேன். என் வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டாம். தனியாக வைத்துப் பேசலாம் என்றும் சொல்ல வேண்டாம், வர மாட்டேன். கேட்டில் எல்லார் முன்னாலும் சொன்னீர்கள். எல்லார் முன்னாலும் பதில் சொல்லுங்கள்.